ஏற்காட்டில் அறுபது சென்ட், சேலத்தில் புழுதி

ஆடி பிறந்தால் செவ்வாய்ப்பேட்டையில் எங்களைப் போன்ற சின்ன அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை நின்றுவிடும். ஆடியில் யார் முகூர்த்தம் வைக்கிறார்கள்? அந்த மாதத்தில் வாடகையைக் காப்பாற்றுவது காலண்டர் ஆர்டர்தான். சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்து ஆல்பத்தை வெளியிடுவார்கள். அது கைக்கு வந்ததும் பையில் வைத்துக்கொண்டு கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி மண்டி, மளிகைக் கடை, நகைக்கடை என்று ஏறி இறங்க வேண்டும். எந்தச் சாமி, எத்தனை அட்டை, கடைப் பேர் தங்க எழுத்தா சாதா எழுத்தா என்று பேசி முடிக்கவே ஒரு மாதம் ஓடிவிடும்.

இதில் பல வருஷமாக எனக்கு ஒரு குறை. அட்டையில் மட்டும்தான் நம் ஊர் இருக்கிறது. கடைப் பேர், தெரு, போன் நம்பர் எல்லாம் சேலம். கீழே தொங்கும் தாள் கட்டு எல்லா ஊருக்கும் ஒன்றேதான். நாகர்கோவிலில் கிழிக்கும் அதே தாளைத்தான் ஓசூரிலும் கிழிக்கிறார்கள். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், ராகு, எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம், சந்திராஷ்டமம், மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா, அடியில் ஒரு பொன்மொழி. உள்ளங்கை அகலத் தாளுக்கு இது நிறையத்தான். ஆனால் அன்றைக்கு நம் தலைமேல் மழை பெய்ததா என்பது அதில் இருக்காது, இருக்கவும் முடியாது. முந்தைய வருஷமே அச்சடித்த தாள் அது.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். பள்ளிக்கூடம் இல்லை, அரசு அலுவலகம் இல்லை, ஊரே தெருவில் நிற்கிறது. காலண்டரில் அது கறுப்புத் தேதி. சேலத்தில் பாதிப் பேர் அந்தக் கறுப்பின் மேல் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. நம் ஊருக்கான தாளை நாமே எழுதினால் என்ன? ஆர்டர் எடுக்க மாதிரிக்குத் தரும் டைரிகளில் வருஷா வருஷம் ஒன்றிரண்டு மிஞ்சிப்போகும். அதில் ஒன்றை எடுத்து வைத்து எழுதத் தொடங்கினேன். வெயிலோ மழையோ, அன்றைய விசேஷம், அந்தத் தேதியில் இந்த ஊரில் நடந்தது ஏதாவது, கடைசியில் எனக்குத் தோன்றியது. எல்லா நாளும் நான்கும் இருக்காது. சில நாளில் "வெயில்" என்ற ஒரே சொல்லோடு பக்கம் முடிந்திருக்கும்.

மழைக் கணக்குதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. என் சித்தப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது நாகலூர் பக்கம் இருக்கிறார். எஸ்டேட்டில் தினமும் மழைக் கணக்கை ரெஜிஸ்டரில் ஏற்றிய கை, ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்திருக்கிறார். காலை எட்டரை மணிக்கு அளந்துவிட்டு எனக்குப் போன் அடிப்பார்.

"ஏங்கண்ணு, கீழ ஏதாச்சும் பேஞ்சுதா?"

"இல்லீங்க சித்தப்பா, வெறும் புழுதிக் காத்துதான்."

"இங்க அறுபது சென்ட்."

காபித் தோட்டக்காரர்கள் இன்னமும் மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும்தான் பேசுகிறார்கள். ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். அறுபது சென்ட் என்றால் 15 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நான் டைரியில் இரண்டையும் எழுதிக்கொள்வேன். மில்லிமீட்டர் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தால் அது 1 மி.மீ. மழை. நம் மொட்டை மாடி எத்தனை சதுர மீட்டர் என்று தெரிந்தால் நேற்று எத்தனை குடம் சாக்கடைக்குப் போனது என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம், வயிறு எரியும்.

எட்டரை மணி சித்தப்பாவின் சொந்த ஏற்பாடு இல்லை. வானிலைத் துறையும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரைதான் ஒரு நாளாகக் கணக்கு வைக்கிறது. அதனால் செய்தியில் "இன்று பதிவான மழை" என்று சொல்வது பெரும்பாலும் நேற்று மத்தியானத்துக்கும் இன்று விடியலுக்கும் நடுவே பெய்தது. நம் பஞ்சாங்கத்து நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது, ஆங்கில நாள் நடுராத்திரியில், மழையின் நாள் எட்டரைக்கு. ஒரே தேதிக்கு மூன்று பிறந்த நேரம். டைரியில் எதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று ஆரம்பத்தில் திண்டாட்டமாக இருந்தது. இப்போது மழையைச் சித்தப்பா நாளிலும் மற்றதை எல்லாம் விடிந்த நாளிலும் எழுதுகிறேன்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சொச்சம். ஏற்காடு 1500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, ஆக மேலே எட்டு டிகிரி குறைவாக இருக்கும். 2024 ஏப்ரல் கடைசியில் சேலத்து வெயில் 42 டிகிரியைத் தாண்டியபோது, நான் அச்சு இயந்திரத்துக்கும் எனக்கும் சேர்த்து ஒரே மின்விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா ராத்திரிக்குக் கம்பளி போர்த்துவதாகச் சொன்னார். பெருமை அடிக்க அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார் என்பது வேறு விஷயம்.

அவருக்கு வருஷத்தில் ஒரே ஒரு மழைதான் மழை. மார்ச், ஏப்ரலில் வரும் முதல் நல்ல மழை. துரைமார் காலத்தில் ப்ளாசம் ஷவர் என்றது, சித்தப்பா வாயில் பூ மழை. காபிச் செடியில் மொட்டு கட்டித் தயாராக நிற்கும், ஆனால் தானாக விரியாது. வறண்டு கிடந்த வேருக்கு ஒரு அங்குலம் அளவுக்கு ஒரு நனைப்பு கிடைக்க வேண்டும். கிடைத்தால் எட்டு, ஒன்பது நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகும். மல்லிகையை நினைவூட்டும் அந்த வாசம் இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் உதிர்ந்துவிடும். இருபது முப்பது சென்ட் தூறிவிட்டு நின்றுபோனால்தான் ஆபத்து. மொட்டு பாதியில் முழித்துக்கொண்டு வீணாகும். பூத்த பிறகு இன்னொரு மழை வந்தால் பிஞ்சு நிற்கும். நவம்பர் தொடங்கி நடக்கும் பழம் பறிப்பு முழுக்க மார்ச்சில் பெய்த அந்த ஒரு அங்குலத்தைப் பொறுத்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று ஊர்க் கையேடுகள் எல்லாம் சொல்லும். அன்றிலிருந்து இன்றுவரை மலையில் எல்லோரும் மார்ச் மாதம் மேலே பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

வேண்டாத நேரத்தில் வந்த மழைக்கு 2024 டிசம்பர் 2ஆம் பக்கம் சாட்சி. குரோதி வருஷம் கார்த்திகை 17, திங்கள். நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரை ஏறிய ஃபெஞ்சல் புயல் நகர மனமில்லாமல் நின்றுவிட்டு, வலுக் குறைந்து மெதுவாக உள்ளே வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காட்டில் ஏறக்குறைய 24 செ.மீ., அதாவது ஒன்பது அங்குலத்துக்கும் மேல். வருஷம் முழுக்கவே அங்கு ஒன்றரை மீட்டர் சொச்சம்தான் பெய்யும். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சித்தப்பா அன்று சென்ட் சொல்லவில்லை. "மானி வழிஞ்சு போச்சு கண்ணு, கணக்கு இல்ல" என்றார். பழம் பறித்துக் களத்தில் காயப்போடும் காலம் அது. என் டைரியில் அன்றைக்கு "கணக்கு இல்லை" என்றே எழுதி வைத்தேன்.

மேலே பெய்தது கீழே வரும் வழி திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்கு நடுவே ஓடும் ஆறு. ஓடும் என்று சொல்வது மரியாதைக்காக. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதை ஆறு என்று வெளியூர்க்காரரிடம் காட்டக் கூச்சமாக இருக்கும். ஆனால் மலையில் இரண்டு அங்குலம் விழுந்த ராத்திரி, சேலத்தில் சொட்டு மழை இல்லாமலே அது எழுந்து நிற்கும். நட்சத்திரம் தெரிகிற வானத்துக்குக் கீழே தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு ஏற்காட்டு மழைக் கணக்கு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. சித்தப்பா ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் நான் முதலில் செய்வது, தரையில் இருக்கும் காகித ரீம்களைப் பலகை மேல் தூக்கி வைப்பது.

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் காலையில் பார்க்கும் இன்னொரு எண் மேட்டூர் அணை நீர்மட்டம். ராசிபலனுக்கு முன்னால் அதைப் படிப்பவர்கள் உண்டு. விவசாயம் பார்ப்பவர்கள் என்றில்லை, வெள்ளித் தொழில் செய்பவர்கூட டீக்கடையில் "அணை எவ்வளவு" என்று கேட்பார். 120 அடி முழுக் கொள்ளளவு, 93.47 டிஎம்சி. ஜூன் 12 டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் நாள் என்பது வழக்கம். தண்ணீர் இருந்தால். அணை வற்றும்போது பண்ணவாடி பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் போகும். அணை 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்டபோது உள்ளே போன ஊர்களின் மிச்சம் அவை.

2024இல் அந்த எண்ணைத் தினமும் எழுதியிருக்கிறேன். ஜூன் 12 அன்று திறக்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் 40 அடிக்குப் பக்கம். அப்புறம் கர்நாடகத்திலும் வயநாட்டிலும் மழை பிடித்தது. கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிட, எண் நாளுக்கு நாள் தாவியது. ஜூலை 30, ஆடி 14, அணை 120 அடியைத் தொட்டது. ஊரில் இனிப்பு கொடுக்காத குறை. அதே நாள் விடியலுக்கு முன்னால் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மலை சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். காலையில் அந்தச் செய்தியை எழுதிய பக்கத்திலேயே சாயங்காலம் "அணை நிரம்பியது" என்று எழுத வேண்டியிருந்தது. மேற்கு மலையில் பெய்த அதே மழைதான் இரண்டும். அன்றைக்கு எனக்குத் தோன்றியது என்று எழுத விட்டிருந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

விசேஷங்களுக்கு வருவோம். ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்துக்கே உரியது. சென்னையிலிருந்து வந்த ஒரு மை கம்பெனி விற்பனையாளர் எங்கள் தெருவில் பிள்ளைகள் குச்சியில் தேங்காயைச் செருகித் தீயில் காட்டுவதைப் பார்த்து, ஏதோ விபத்து என்று நினைத்து ஓடிவந்தார். தேங்காயை நார் போகத் தரையில் தேய்த்து வழுவழுப்பாக்கி, மஞ்சள் பூசி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை இறுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வறுத்த பாசிப்பயறு, பொட்டுக்கடலை, அவல், எள், வெல்லம் போட்டு, இறுத்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, அழிஞ்சில் குச்சியால் அடைத்துச் சுட வேண்டும். ஓடு கருகி வெடிக்கும்போது வரும் வாசனை இருக்கிறதே, அதற்காகவே ஆடி வரட்டும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்ன வேண்டியதுதான். பாரத யுத்தம் ஆடி 1இல் தொடங்கி 18இல் முடிந்தது என்றும், யுத்தம் நல்லபடி முடிய வேண்டிக்கொண்டதன் நினைவு இது என்றும் கதை சொல்வார்கள். யுத்தம் மார்கழியில் நடந்ததாகச் சொல்லும் பெரியவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். தேங்காய் சுடும் நாளில் யாரும் அவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

ஆடிக்கு முந்தின வாரத்திலேயே கடைவீதியில் அழிஞ்சில் குச்சிக் கட்டு வந்து இறங்கிவிடும். அப்புறம் பூச்சாட்டு, கம்பம், கூழ், அலகு, பொங்கல் என்று ஒவ்வொரு மாரியம்மனாக ஊர் சுற்றிவரும். குகையில் வண்டி வேடிக்கை நடக்கும் ராத்திரி எங்கள் கடைப் பையன்கள் யாரும் மறுநாள் வேலைக்கு வரமாட்டார்கள். ஒரு காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரி. மேலே விளக்கு ஜோடனை, நடுவில் சிவனாகவும் பெருமாளாகவும் வேஷம் கட்டிய நம்ம ஊர் ஆட்கள், அசையாமல் நிற்பார்கள். போன வாரம் கடனுக்குப் பில்புக் அடித்துக்கொண்டு போனவர் நரசிம்மராக எதிரே வரும்போது பாக்கியைக் கேட்க முடியுமா? இதற்கெல்லாம் தேதி சிவகாசித் தாளில் இல்லை. கோயில் நோட்டீஸில்தான் இருக்கும். அந்த நோட்டீஸை அச்சடிப்பது நாங்கள் என்பதால் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ராகு காலம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் குறித்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஊர் அதன்படி நடக்கிறது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு முன்னால் அட்வான்ஸ் வாங்கவில்லை என்றால் பன்னிரண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். "திருவிழா சந்தடியில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்ததில் ஏழு கிழமைக்கும் வரிசை வந்துவிடும். திங்கள் ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்றரை மணி நேரமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. சேலத்தில் மே கடைசியில் ஆறுக்குச் சற்று முன்பே உதயமாகிவிடும், ஜனவரி கடைசியில் 6.40ஐத் தாண்டிவிடும். முறைப்படி பகலை எட்டாகப் பங்கிட்டுத்தான் ராகு காலம் பார்க்க வேண்டும் என்று கறாரான ஜோதிடர்கள் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ஜனவரிக் காலைகளில் காலண்டர் ராகுவும் வானத்து ராகுவும் அரைமணிக்கு மேல் விலகி நிற்கும். இதை ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன். அவர் இரண்டையும் கழித்துவிட்டு மிச்ச நேரத்தில் வருகிறேன் என்றார்.

உச்சிப் பொழுதும் அப்படித்தான். நம் கடிகாரம் மிர்சாப்பூர் பக்கம் போகும் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. சேலம் அதற்கு மேற்கே நாலு டிகிரிக்கு மேல் தள்ளி இருப்பதால் இங்கே சூரியன் தலைக்கு நேரே வர சராசரியாக 12.17 ஆகும். ஏப்ரல் 20, 21 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 22 வாக்கில் ஒரு முறை, அந்த நேரத்தில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. ஏப்ரலில் கடை வாசலில் ஒரு மைக் குழாயை நிறுத்தி வைத்துப் பார்ப்போம். ஆகஸ்டில் பெரும்பாலும் மேகம்.

பஞ்சாங்கமே ஒன்றா என்றால் அதுவும் இல்லை. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு. ஆர்டர் புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டமே வைத்திருக்கிறேன். சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 என்று வந்தபோது, இரண்டு காலண்டரும் மாட்டியிருந்த வீடுகளில் ஒரு வருஷம் சனி எந்த ராசியில் இருக்கிறார் என்பதே தகராறு. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் பக்கம் நின்றது. எனக்கு இந்தத் தாள் முழுக்க மிகவும் பிடித்த வரி ரம்ஜான், பக்ரீத் தேதிகளுக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் "பிறை தெரிவதைப் பொறுத்து மாறுதலுக்கு உட்பட்டது" என்பதுதான். முன்னூற்றுச் சொச்சம் தாளில் வானத்தைப் பார்த்து முடிவு செய்துகொள் என்று சொல்வது அந்த ஒரு வரி மட்டுமே.

பஞ்சாங்கக்காரர்களும் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்தவர்கள்தான். மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் பதினாலு நாள் சொச்சத்தைக் கர்ப்போட்டம் என்பார்கள். அந்த நாட்களில் மேகம் ஓடுவதையும் தூறுவதையும் குறித்துக்கொண்டு, எந்த நாளில் கரு தரித்ததோ அதற்குரிய மாதத்தில் அடுத்த வருஷம் மழை என்று கணிப்பது. சித்தப்பாவுக்கு அதில் பாதி நம்பிக்கை. டிசம்பர் கடைசியில் போனில் "இன்னிக்கு மேகம் கிழக்க இருந்து ஓடுது, எழுதிக்க" என்பார். எழுதிக்கொள்கிறேன். அடுத்த வருஷம் ஒத்துப் பார்த்தால் பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. பலித்ததை மட்டும் அவர் ஞாபகம் வைத்திருக்கிறார்.

பழமொழிகளை நான் அதிகம் நம்புகிறேன். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, வெட்டி வைத்த காகிதம் பறக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பதை ஏற்காட்டில் ஓட்டு வீட்டில் படுத்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் அச்சிட்ட பாதிரியார் பீட்டர் பெர்சிவல் கடைசியில் ஏற்காட்டில்தான் இருந்தார், 1882இல் அங்கேயே காலமானார். அவர் மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தாரே, அவர்தான். அவரும் வயதான காலத்தில் ஏற்காட்டுவாசி. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார், அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. டிசம்பரில் மேலே போனால் அங்கே ஒரு நடை போய் வருவேன். சுற்றுலா வருகிறவர்கள் ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்பதால் கூட்டம் இருக்காது.

இந்த மாதிரி உள்ளூர்த் தேதி சேர்ப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். உலக இது தினம், உலக அது தினம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை எழுதுவதை நிறுத்திவிட்டேன். பாதி தினம் யாரோ எதையோ விற்பதற்கு ஏற்படுத்தியது. சேலத்துக்கே போதுமான தேதி இருக்கிறது. 1937 அக்டோபர் 1, ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது மதுவிலக்கு முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் வந்தது. மறுநாள் காந்தி ஜெயந்தியைக் காலண்டர் சிவப்பில் போடும், இதைப் போடாது. 1944 ஆகஸ்ட் 27, நீதிக்கட்சி சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமானது. 1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு, 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படத்தை எடுத்தது ஏற்காடு ரோட்டில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். அதன் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது, அதைத் தாண்டித்தான் மலைக்கு பஸ் போகிறது.

போன ஆடியில் லீ பஜாரில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். தினசரிக் காலண்டரில் கை வைக்க முடியாது, ஆனால் மாதக் காலண்டர் என்றால் பன்னிரண்டு தாளையும் நானே அடிக்கிறேன், தேதிக்குக் கீழே நம் ஊர் விஷயம் ஒவ்வொரு வரி போடலாம் என்றேன். கொண்டுபோன பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"ஜெயில்ல சுட்டது வேண்டாம் தம்பி. கடைக் காலண்டர்ல சாவு எதுக்கு?"

"ஊர்ல நடந்ததுதானுங்கண்ணே."

"நடந்ததுதான். எங்கப்பா சொல்லியிருக்காரு. நீங்க உங்க டைரியில வெச்சுக்குங்க."

நான் விடவில்லை. கொஞ்ச நேரம் பேசிய பிறகு, தேதியும் "சேலம் சிறை, 1950" என்ற மூன்று சொல்லும் மட்டும் போடச் சம்மதித்தார். தெரிந்தவனுக்குத் தெரியட்டும், தெரியாதவன் கேட்டுக்கொள்ளட்டும் என்றார். மதுவிலக்கு வந்த தேதியைப் பார்த்து லோடுமேன்கள் சிரிப்பார்கள், அதனாலேயே போடுங்கள் என்றார். தேங்காய் சுடுவது, வண்டி வேடிக்கை, அணை திறந்த நாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மல்கோவா வரத்து மே மாதம் என்று அவரே ஒரு வரி சேர்த்தார். அப்புறம் மார்ச் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"இதுல ஒண்ணுமே இல்லியே. ஏற்காட்டுல காபி பூக்குமே, அது எந்தத் தேதி?"

"அதுக்குத் தேதி இல்லீங்கண்ணே. மழை பேஞ்சு ஒம்பது நாள்."

"அப்ப கீழ நாலு கோடு வெறுமனே போட்டு விடுங்க. வாங்குறவன் எழுதிக்கட்டும். எல்லா மாசத்துக்கும் விடுங்க."

நாலு கோடு விட்டால் மேலே சாமி படத்தில் ஒன்றரை அங்குலம் குறையும் என்று அளந்து காட்டினேன். குறையட்டும் என்றார். அந்தக் காலண்டர் ஜனவரியிலிருந்து மண்டியில் தொங்குகிறது. மார்ச் கோட்டில் அவர் எழுதியிருப்பது மஞ்சள் விலை.